பழைய காருக்கு மாற்று என்ஜின்

மாருதி 800 காரை எல்லோரும் பார்த்திருப்போம். 1983-இல் இந்தக் கார் விற்பனைக்கு வந்தது. 2014-இல் இதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. சிறு வியாபாரிகள், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் பலருக்கு இதுவே பிழைப்பு.

ஒரு நாள் என்ஜின் பழுதாகிறது. என்ன செய்வது?

அவசரப்பட வேண்டாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங் மாற்றினாலே சரியாகலாம். பிளாக்கில் விரிசல் விட்டிருந்தால் வேறு என்ஜின் தேட வேண்டியதுதான். டெல்லியில் மாயாபுரி, சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கார்களின் பாகங்கள் கிடைக்கும்.

எந்த என்ஜின் பொருந்தும்?

அம்பாசிடர் காரில் என்ஜின் நீளவாட்டில் இருக்கும். அதன் சக்தி நீண்ட தண்டு வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகும். மாருதி 800 அப்படி அல்ல. இதில் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர் பாக்ஸ் அதோடு சேர்ந்திருக்கும். முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும்.

இதை மறந்தால் பணம் வீணாகும். ஆம்னி வேனுக்கும் 796 சி.சி. என்ஜின்தான். ஆனால் அது பின் சக்கரங்களால் ஓடும் வண்டி. அதன் என்ஜினை அப்படியே எடுத்து மாருதி 800-இல் வைக்க முடியாது.

மாருதி 800-இலும் வகைகள் உண்டு. பழைய வண்டிகளில் கார்புரேட்டர் இருக்கும். பிறகு வந்த வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி இருக்கும். அதற்குத் தனியாகக் கம்ப்யூட்டரும் வயர்களும் தேவை. ஆகவே அதே வகை என்ஜினையே வாங்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

2. மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். மூன்று சிலிண்டர்களிலும் அழுத்தம் சமமாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. என்ஜின் எண்ணை நீங்களே படியுங்கள். எண்ணை ராவி அழித்திருந்தால் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம்.

4. அந்த எண்ணை எழுதி ரசீது வாங்குங்கள். பழைய வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள்.

புது என்ஜினைப் பூட்டும் முன்பே கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் மறுபடியும் கூலி ஆகும்.

கடைசியாக ஒரு முக்கியமான வேலை. வண்டியின் என்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. என்ஜினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். புதிய எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் சோதனையில் சிக்கல் வரும். விபத்து நடந்தால் இழப்பீடு பெறுவதும் கடினம்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஆர்.சி.யில் எந்தத் தேதி வரை இருக்கிறது? அதைப் படித்துப் பார்த்த பிறகு என்ஜினுக்குப் பணம் கொடுங்கள்.