துணை விதிகளும் மக்கள் கருத்துக் கேட்பும்

மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள், சட்டம் தமக்கு அளித்த அதிகாரத்தைக் கொண்டு தம் எல்லைக்குள் செயல்படுத்த வகுக்கும் விதிகளே துணை விதிகள் எனப்படும். குப்பை, கழிவுநீர், சந்தை, விளம்பரப் பலகை, தெரு விலங்குகள் எனப் பல பொருள்கள் பற்றி இவை வகுக்கப்படுகின்றன. துணை விதியை மீறுவோருக்கு அபராதம் உண்டு. எனவே மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்காமல் வகுக்கப்பட்ட துணை விதி செல்லுமா என்பது, அபராதச் சீட்டைக் கையில் வாங்குபவருக்கு முக்கியமான கேள்வியாகும்.

சட்டப் பின்னணி

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பட்டாபிராமை எடுத்துக்கொள்வோம். இது முன்பு ஆவடி நகராட்சியில் இருந்தது. 2019இல் ஆவடி மாநகராட்சியானபின் அதன் பகுதியாக உள்ளது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இங்கு பொருந்தும். இச்சட்டம் 2023 ஏப்ரல் 13 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 போன்ற மத்திய விதிகளும் உள்ளாட்சிகள் துணை விதிகளை வகுக்க வேண்டும் என்று கட்டளையிட்டன.

முன்வெளியீடு என்றால் என்ன?

ஒரு சட்டம் "முன்வெளியீட்டுக்குப் பின்" விதி வகுக்க வேண்டும் என்று கூறினால் பின்பற்ற வேண்டிய படிகளை, மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, பொது விளக்கச் சட்டம், 1897இன் 23ஆம் பிரிவு கூறுகிறது. அவை:

1. வரைவை வெளியிடுதல்.
2. வரைவு எந்த நாளுக்குப் பின் பரிசீலிக்கப்படும் என்று அறிவித்தல்.
3. அந்நாளுக்கு முன் வந்த ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கருத்தில் கொள்ளுதல்.
4. இறுதி விதியை அரசிதழில் வெளியிடுதல்.

கருத்துக் கேட்கவில்லை என்பது மட்டும் போதுமா?

போதாது. தாய்ச்சட்டம் கருத்துக் கேட்கச் சொல்கிறதா என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். துல்சிபூர் சர்க்கரை நிறுவன வழக்கில் (1980), விதி வகுப்பது சட்டமியற்றும் தன்மையுடைய செயல் என்றால், சட்டம் கட்டளையிடாதபோது மக்களை முன்கூட்டி விசாரிக்க வேண்டிய கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

சட்டம் கட்டளையிட்டிருந்தாலும் எல்லாக் குறையும் விதியைச் சாய்த்துவிடாது. உத்தரப் பிரதேசத்தின் இராம்பூர் நகராட்சி தண்ணீர் வரி விதித்தபோது, வரைவை இந்திச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும் என்ற விதிக்கு மாறாக உருதுச் செய்தித்தாளில் வெளியிட்டது. ராசா புலந்து சர்க்கரை நிறுவனம் இதை எதிர்த்தது. வரைவை வெளியிடுவது கட்டாயம், அதைச் செய்யாவிட்டால் வரி நிற்காது. ஆனால் எந்த வகையில் வெளியிடுவது என்பது வழிகாட்டுதலே என்று உச்ச நீதிமன்றம் 1964இல் முடிவு செய்தது. அவ்வூர் மக்களிடம் செய்தி சென்று சேர்ந்ததால் வரி நிலைத்தது.

பெயரளவுக்குக் கருத்துக் கேட்பதும் ஆபத்தானது. அழைப்புத் துண்டிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. எழுப்பப்பட்ட ஆட்சேபணைகளுக்கு அறிவார்ந்த பதில் இல்லை என்பதும் அதற்கான காரணங்களுள் ஒன்று. இங்கிலாந்தின் ஹாரிங்கே நகரமன்றம் வரிச்சலுகைத் திட்டம் குறித்துக் கருத்துக் கேட்டபோது மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கருத்துக் கேட்பு சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் அறிவித்தது. எனினும் திட்டத்தை ரத்து செய்யவில்லை.

பிற காரணங்கள்

தமிழ்நாட்டு ஆற்றுமணல் குவாரி விதி தொடர்பான கிருஷ்ணமூர்த்தி வழக்கில் (2006), துணைநிலைச் சட்டங்களை எதிர்ப்பதற்கான காரணங்களை உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. அதிகாரமின்மை, அடிப்படை உரிமை மீறல், அரசியலமைப்பு மீறல், தாய்ச்சட்டத்துக்கு மாறாக அல்லது அதை மீறிச் செல்லுதல், பிற சட்டங்களுடன் முரண்படுதல், வெளிப்படையான தன்னிச்சை ஆகியவை அவை. தாய்ச்சட்டம் கூறிய கருத்துக் கேட்பைத் தவிர்ப்பது, தாய்ச்சட்டத்துக்கு மாறாக நடத்தல் என்ற காரணத்தின்கீழ் வரும்.

எதிர்ப்பது எப்படி?

• தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் விண்ணப்பித்து, வரைவு வெளியான நாள், செய்தித்தாளின் பெயர், வந்த ஆட்சேபணைகள், மன்றத் தீர்மானம், அரசிதழ் அறிவிக்கை ஆகியவற்றின் நகலைப் பெறலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.
• ஆணையருக்கும் வார்டு உறுப்பினருக்கும் எழுத்து மூலம் முறையிடலாம். பகுதி சபைக் கூட்டத்திலும் எழுப்பலாம்.
• அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். காலந்தாழ்த்துவது மனுவைப் பலவீனமாக்கும்.

வழக்கில் வென்றாலும் பொருள் முடிந்துவிடுவதில்லை. நடைமுறைக் குறையால் விதி ரத்தானால், உள்ளாட்சி முறைப்படி கருத்துக் கேட்டு அதே விதியை மீண்டும் வகுக்கலாம். ஆகவே வரைவு வெளியாகும்போதே ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்று வைத்துக்கொள்வதே செலவு குறைந்த வழி. பிற்பாடு வழக்கு நேர்ந்தால், மக்கள் கூறியதை உள்ளாட்சி பரிசீலித்ததா என்று கேட்பதற்கு அந்தச் சீட்டே சான்றாகும்.