நந்தன் கதையில் ஒரு பண்ணையார்

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் நந்தனாரை அதட்டும் வேதியர் கிடையாது. அதில் சேக்கிழார் திருநாளைப்போவார் என்று அழைக்கும் சிவனடியார் நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தில்லை என்னும் சிதம்பரத்துக்குள் நுழைய அவரைத் தயங்க வைத்தது பிறப்பு ஒன்றுதான்.

பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1860களில் அச்சில் பரவிய அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போக வேண்டுமா? நாற்பது வேலி நிலத்தில் பயிரிட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டையான வேதியர். பாரதி தன் காலத்துக் காவிரிப் படுகையைத்தான் மேடையேற்றினார். புராணத்தில் இல்லாத வர்க்கம் இப்படித்தான் உள்ளே வந்தது. ஆனால் தீர்வு சிவனுடையது. ஒரே இரவில் நெல் விளைகிறது, வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். நிலம் மட்டும் கைமாறவில்லை.

திரைப்படங்களும் இந்த வேதியரை விடவில்லை. 1935 படத்தில் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்; வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942இல் ஜெமினியின் நந்தனார், தண்டபாணி தேசிகர். பாட்டுக்காகவே இரண்டும் நினைவில் நிற்கின்றன. வயல் வேலை பின்னணிதான்.

நந்தன் பெயர் மேடையோடும் திரையோடும் நின்றுவிடவில்லை. அவர் நுழையத் தயங்கிய இதே சிதம்பரத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்காக 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார் சுவாமி சகஜானந்தர்.