உங்களுக்குத் தெரியுமா? தமிழ்நாட்டுக்குள் ஒரு கேரள அரண்மனை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. ஆனால் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை! 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனைப் பொறுப்பு கேரளத்திடமே நின்றுவிட்டது.

1795 வரை திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். இந்த அரண்மனை ராஜஸ்தான் கோட்டைகள் போலக் கல்லால் மிரட்டும் இடமல்ல. ஓட்டுக்கூரையும் மரவேலையுமாக, தாழ்வாரம் தாழ்வாரமாக நீளும் வீடு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரையின் குளுமை காலுக்குத் தெரிய வேண்டாமா? சுண்ணாம்போடு எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து இழைத்த தரை என்கிறார்கள்.

நவராத்திரி மண்டபத்தில் மரச்சட்டப் பின்னலைக் கவனியுங்கள். அரச குடும்பத்துப் பெண்கள் அதன் பின்னால் இருந்துதான் நடனம் பார்த்தார்கள். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள். வெயில் உள்ளே வந்தாலும் சூடு அவ்வளவாக வராது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்குள்ள சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனோடு திருவனந்தபுரம் போகிறாள். களியக்காவிளை எல்லையில் கேரளத்தார் வரவேற்பு கொடுப்பார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. பலர் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அன்றைக்குத்தான்.