அனுமதியும் ஒப்பந்தமும்: வீடு கட்டுவோர்க்கு இரு ஆவணங்கள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்னும் பழமொழி நம் முன்னோரின் பட்டறிவில் விளைந்ததாகும். இரு கோல் நட்டு, அவற்றின் நிழலால் திசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனைக்கு இடம் வகுத்த முறையைச் சங்க இலக்கியமான நெடுநல்வாடை விளக்குகின்றது. வகுத்த பின்னரே கட்டுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. ஆயினும், அயல்நாட்டில் பல்லாண்டு உழைத்த பொருளையோ வங்கிக் கடனையோ கொண்டு வீடு கட்டும் குடும்பங்கள் பல, மேஸ்திரியின் வாய்ச்சொல்லையும் நாட்குறிப்பேட்டில் எழுதிய ஒரு பக்கக் கணக்கையும் நம்பி வானம் தோண்டத் தொடங்கிவிடுகின்றன. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் இடும் இப்பணிக்கு வேண்டிய ஆவணங்கள் இரண்டு. ஒன்று கட்டட அனுமதி. மற்றொன்று கட்டுமான ஒப்பந்தம்.

கட்டட அனுமதி என்பது மனை உரிமையாளர்க்கும் அரசுக்கும் இடைப்பட்டது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படையாகும். மனையின் முன்னுள்ள சாலையின் அகலம், நான்கு புறமும் விடவேண்டிய இடைவெளி, கட்டடத்தின் உயரம், வண்டி நிறுத்துமிடம், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றை இவ்விதிகள் வரையறுக்கின்றன. பக்கத்து வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கவும், தீ விபத்து நேர்ந்தால் வண்டி வந்து சேரவும் இவ்விடைவெளிகளே துணை செய்கின்றன.

அனுமதி பெறும் வழி இன்று எளிதாகியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் முதல் தளம் கொண்ட வீடு கட்டுவோர், முன்கூட்டிய கள ஆய்வு இன்றி இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். வரவேற்கத்தக்க இச்சலுகையில் ஒரு பொறுப்பும் அடங்கியுள்ளது. விதிகளின்படியே கட்டுவேன் என்று உறுதி கூறுபவர் உரிமையாளரே. அதிகாரியின் கண் அகன்ற இடத்தில் உரிமையாளரின் கண் இருத்தல் வேண்டும். அக்கண்ணாக அமைவது ஒப்பந்தமே.

அனுமதித்தாள் ஒன்றே கட்டடத்தைத் தாங்கிவிடாது என்பதற்குச் சென்னையை அடுத்த மௌலிவாக்கம் சான்றாகும். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அங்குக் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடந்தான். அருகில் நின்ற இணைக் கட்டடமும் 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணின் தாங்குதிறன், கம்பியின் அளவு, கான்கிரீட்டின் தரம் ஆகியவை கட்டும் இடத்தில் காக்கப்பட வேண்டியவை.

இனி ஒப்பந்தத்திற்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். எனினும் வழக்கு என்று வந்தால் அதனை மெய்ப்பிப்பது அரிது. ஆகவே எழுத்து வேண்டும். கூலி ஒப்பந்தமா, பொருளுடன் கூடிய முழு ஒப்பந்தமா என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் மாடிப்படி, பால்கனி, போர்டிகோ ஆகியவை சேருமா என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலான பூசல்கள் இங்கேதான் முளைக்கின்றன. சிமெண்டு, கம்பி, மணல் ஆகியவற்றின் வகையும் தரமும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட வேண்டும்.

பணத்தைக் கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிந்த நிலைகளுக்கேற்பப் பகுத்துத் தருதலும், இறுதித் தவணையில் ஒரு பங்கைக் குறைகள் நீங்கும்வரை நிறுத்தி வைத்தலும் இருசாரார்க்கும் நன்று. செய்த வேலைக்குரிய தொகை தவறாது கிடைக்கும் என்ற உறுதி ஒப்பந்ததாரர்க்கும் உரியது. நீராட்டும் நாள்களையும் எழுதலாம். சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டுக் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்பச் சூழலில் 10 நாளும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என இந்தியத் தர நிர்ணயம் கூறுகின்றது. காலத் தாழ்வுக்கு இழப்பீடு குறிக்கலாம். ஆனால் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, குறித்த தொகைக்கு மிகாமல் நியாயமான அளவே நீதிமன்றம் வழங்கும்.

இவை அனைத்தினும் இன்றியமையாத வரி ஒன்றுண்டு. ‘அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியே வேலை நடைபெறும், மாற்றம் எதுவாயினும் எழுத்துமூலம் ஒப்பிய பின்னரே செய்யப்படும்’ என்பதே அது. இவ்வரி இல்லாவிடில் அனுமதி ஒரு வீட்டையும் ஒப்பந்தம் வேறொரு வீட்டையும் பேசும். பக்கவாட்டில் இரண்டடி நீட்டிக் கட்டியபின் அறிவிப்பு வருவது உரிமையாளரின் பெயருக்கே. அதற்குள் ஒப்பந்ததாரர் அடுத்த ஊரில் வேலை தொடங்கியிருப்பார். உள்ளாட்சி அலுவலகத்தில் அளித்த வரைபடத்தின் நகல் ஒன்றை ஒப்பந்தத்துடன் இணைத்து, இருவரும் கையொப்பமிடல் வேண்டும்.

குறை நேர்ந்தால் முறையிட வழியுண்டு. வீடு கட்டித் தருதலும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் சேவையே என 1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. அங்கும் முதலில் கேட்கப்படுவது எழுத்துச் சான்றே.

தமிழ் பயிலும் மாணவர்கட்கு இதில் ஒரு கடமை உண்டெனக் கருதுகின்றோம். முத்திரைத்தாளின் கடுநடையைக் கண்டு அஞ்சிப் படியாமலே ஒப்பமிடும் பெரியோர் நம் தெருக்களில் பலர் உளர். அவர்களுக்கு அதனை உரக்கப் படித்துப் பொருள் கூறுங்கள். கொத்தனாருக்கும் விளங்கும் எளிய தமிழில் எழுதித் தாருங்கள். கற்ற தமிழ் ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்குமாயின், அதுவும் தமிழ்த்தொண்டே ஆகும்.