பத்து என்னும் வரம்பு

2013 இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்படும் வரை, காத்தான்குடியாரும் ஆரையம்பதியாரும் மட்டக்களப்பு வாவியைக் கடக்க ஒடுங்கிய பழைய பாலத்தின் முனையில் முறை காத்து நின்றதை நாம் அறிவோம். கணினியிலும் அத்தகையதொரு வாயில் இருந்தது.

2004 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைப் பொதி, மறுமொழி கிடைக்காத வெளிச்செல்லும் இணைப்பு முயற்சிகளை ஒரே வேளையில் பத்தாக மட்டுப்படுத்தியது. மிஞ்சியவை வரிசையில் காத்திருந்தன. பிளாஸ்டர் போன்ற புழுக்களின் பரவலைத் தாமதப்படுத்துவதே நோக்கம்.

பிட்டொரென்ட் வழி கோப்புப் பகிர்ந்தோர் பலர் இதனையே மந்தத்திற்குக் காரணமாக்கினர். உண்மையில் பாலத்தைக் கடந்துவிட்ட, அதாவது நிலைபெற்ற, இணைப்புகளை அவ்வரம்பு தொடவில்லை. தொடக்கம் மட்டுமே தாமதித்தது. ஆயினும் அறிமுகமற்றோர் தந்த திருத்தங்களால் இயங்குதளக் கோப்பையே பலர் மாற்றினர். 2009 இல் வந்த விண்டோஸ் 7 இல் அவ்வரம்பு இல்லை. காவல் ஏன் வைக்கப்பட்டது என்று அறியாமல் அதனை அகற்றுவது, கள்வனுக்குக் கதவு திறப்பதாகும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.