பலகை மட்டும் மாட்டிய கடை

1868-இல், ருமேனியாவின் யாஷ் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் இலக்கியப் பத்திரிகையில் 28 வயதுப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை ஒன்று எழுதினார். நம் நாட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் சாரம். அகாதமி இருக்கிறது, அறிவியல் இல்லை. ஓவியப் பள்ளி இருக்கிறது, ஓவியம் இல்லை. நாடக அரங்கு இருக்கிறது, நாடகம் இல்லை. ஐரோப்பாவின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்து வந்து வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். சரக்கு வரும் முன்பே பெயர்ப்பலகை மாட்டிவிட்ட கடை மாதிரி.

இளரத்தம், எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே மனிதர்தான் பின்னால் அந்த நாட்டின் கல்வி அமைச்சர், நீதி அமைச்சர், வெளியுறவு அமைச்சர், கடைசியில் பிரதமர். பெயர் தித்து மயோரெஸ்கு. உள்ளீடற்ற வடிவங்கள் என்று எவற்றைப் பழித்தாரோ, அவற்றுக்குள்ளேயே நாற்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவர். இது முரண்பாடா, அல்லது யோசித்துச் செய்த வேலையா? டீ ஆறட்டும், நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் நாட்டைப் பற்றி. 1859-க்கு முன் ருமேனியா என்று ஒரே நாடு கிடையாது. மோல்தாவியா, வாலாகியா என்று இரண்டு சிற்றரசுகள், இரண்டுக்கும் மேலே பெயரளவில் துருக்கி சுல்தான். அந்த ஆண்டு இரண்டும் ஒரே மனிதரைத் தங்கள் ஆட்சியாளராகத் தேர்ந்தெடுத்தன. இணைப்பு அப்படித்தான் நடந்தது. அதன்பின் எல்லாமே அவசரம். 1860-இல் யாஷில் பல்கலைக்கழகம், 1864-இல் புக்கரெஸ்டில் இன்னொன்று. நூற்றாண்டுகளாகச் சிரில்லிக் எழுத்தில் எழுதிவந்த மொழிக்கு லத்தீன் எழுத்து. 1866-இல் பெல்ஜியத்தைப் பார்த்து எழுதிய அரசியல் சட்டம், ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இளவரசர் கரோல். பத்தாண்டுகூட ஆகவில்லை. மயோரெஸ்கு அந்தக் கட்டுரையை எழுதியது இந்த அவசரத்தின் நடுவில்.

அவர் பிறந்தது 1840-இல், தெற்கே கிரயோவாவில். அப்பா டிரான்சில்வேனியாவிலிருந்து வந்த ஆசிரியர். பேத்ரு மாயோர் என்ற பெரிய அறிஞரோடு இருந்த உறவைச் சொல்லி, தன் குடும்பப் பெயரையே மயோரெஸ்கு என்று மாற்றிக்கொண்டவர். மகனோ 1868 கட்டுரையில் போலிப் புலமைக்கு முதல் உதாரணமாக எடுத்துப் போட்டதே அந்த பேத்ரு மாயோர் எழுதிய வரலாற்று நூலைத்தான். ருமேனியர்கள் கலப்பே இல்லாத ரோமானிய வாரிசுகள் என்று நிரூபிக்கும் ஆசையில் வரலாற்றை வளைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. டிரான்சில்வேனியாவில் கொதித்தார்கள். தேசப்பற்று இல்லாதவர் என்ற வசை அன்று ஒட்டிக்கொண்டது, வெகுகாலம் போகவில்லை.

படிப்பில் புலி. வியன்னாவின் தெரேசியானும் கல்விக்கூடத்தில், பிரபுக்களின் பிள்ளைகள் நடுவே ஓர் ஆசிரியரின் மகன், 1858-இல் முதலாவதாகத் தேறினார். 19 வயதில் ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம். பிறகு பாரிஸில் இலக்கியமும் சட்டமும். 1861-இல் பெர்லினில் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு தத்துவ நூல் வெளியிட்டார். ஹெர்பார்ட், ஃபாயர்பாக் இருவரின் பாதிப்பும் அதில் தெரியும்.

இந்த ஹெர்பார்ட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு புதிய கருத்து மனத்தில் நுழையும்போது, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பழைய கருத்துகள் அதை வரவேற்றால்தான் அது தங்கும் என்றவர் அவர். முன்னேற்பாடு இல்லாத மனத்தில் போட்ட பாடம் வெறும் ஒலியாகப் போய்விடும். ஆசிரியர்களுக்கு அவர் வகுத்த முறை முழுவதும் இதன் மேல் நிற்கிறது. மயோரெஸ்கு ஒரு தேசத்தையே இந்தக் கண்ணால் பார்த்தார் என்பது என் கணிப்பு. பாராளுமன்றமும் அகாதமியும் நல்லவையா கெட்டவையா என்பது அவர் கேள்வியே இல்லை. அவற்றை ஏந்திக்கொள்ள உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாடு திரும்பி, 1862-இல் யாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டே ரெக்டர், அதாவது நம் துணைவேந்தர் மாதிரி. வயது 23. எதிரிகள் சும்மா இருப்பார்களா? ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியையோடு தகாத உறவு என்று 1864-இல் வழக்கு வந்தது, பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டு குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாணவிகளில் வெரோனிகா என்ற சிறுமியும் ஒருத்தி. பிற்காலத்தில் கவிஞர் எமினெஸ்குவின் காதலியாக ருமேனிய இலக்கியத்தில் இடம்பிடித்த வெரோனிகா மிக்லே அவர்தான். அவர்கள் திருமணம் செய்துகொள்வதை மயோரெஸ்கு விரும்பவில்லை. பழைய சாட்சியத்தை அவர் மறக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மனத்துக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்?

1863-இல் பெத்ரே கார்ப், வசிலே போகோர், தியோதோர் ரொசெட்டி, யாகோப் நெக்ருட்சி ஆகிய நண்பர்களோடு ஜூனிமேயா என்ற குழுவைத் தொடங்கினார். 'இளைஞர் வட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம். போகோர் வீட்டில் கூடுவார்கள். விருப்பமுள்ளவர் வரலாம், தாக்குப்பிடிப்பவர் இருக்கலாம் என்பது அங்கே விதி. எவ்வளவு கனமான கட்டுரை ஓடினாலும், யாருக்காவது வேடிக்கைக் கதை நினைவுக்கு வந்துவிட்டால் அதற்குத்தான் முன்னுரிமை. போகோர் சோபாவில் படுத்துக்கொண்டு, பிடிக்காததை வாசிப்பவர் மேல் தலையணையை விட்டெறிவாராம். இந்தச் சந்தைக்கடைக்கு நடுவில் மயோரெஸ்கு மட்டும் கழுத்துப்பட்டை கலையாமல் உட்கார்ந்திருப்பார். குழுவின் பொதுச் சொற்பொழிவுகளில் அவர் கட்டுப்பாடு செல்லுபடியானது. சொன்ன நேரத்துக்கு மேடையேற வேண்டும், கையில் தாள் கூடாது, பேச வேண்டியதைப் பேசிவிட்டு இறங்கிவிட வேண்டும். மணிக்கணக்கில் முழங்கும் மேடைகள் மலிந்த ஊரில் இதுவே ஒரு விமரிசனம்தான். சொற்போதை ஏறிய எழுத்தைக் கிண்டலடித்து 1873-இல் அவர் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

இனி அரசியல். 1871-இல் பாராளுமன்ற உறுப்பினர். 1874-இல் லஸ்கர் கதர்ஜியுவின் பழமைவாத அமைச்சரவையில் கல்வி அமைச்சர், வயது 34. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். வாழ்க்கை வரலாறுகள் சட்ட முன்வரைவுகளைப் பற்றிப் பேசும். எனக்கு அவர் போட்ட சில்லறைக் கையெழுத்துகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன.

யோன் கிரியாங்கா என்று ஒருவர். கிராமத்திலிருந்து வந்து, யாஷில் தேவாலயத் திருத்தொண்டராக இருந்தவர், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மயோரெஸ்குவின் மாணவர். தேவாலயத்தில் உட்கார்ந்த காக்கைகளைத் துப்பாக்கியால் சுட்டார், நாடகம் பார்க்கப் போனார் என்றெல்லாம் குற்றம் சாட்டி, திருத்தொண்டர் பட்டத்தைப் பறித்தார்கள். 1872-இல் ஆசிரியர் வேலையும் போயிற்று. மனிதர் புகையிலைக் கடை வைத்துப் பிழைத்தார். அமைச்சரானவுடன் மயோரெஸ்கு செய்த முதல் காரியங்களில் ஒன்று அவருக்கு ஆசிரியர் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கிரியாங்கா எழுதிய சிறுவயது நினைவுகளைப் படிக்காமல் இன்று ருமேனியாவில் எந்தக் குழந்தையும் பள்ளியைத் தாண்டுவதில்லை.

அடுத்தவர் மிஹாய் எமினெஸ்கு. ஜூனிமேயாவின் உதவித்தொகையில் பெர்லினில் படிக்கப் போனவர். முனைவர் பட்டம் வாங்கி வா, யாஷில் தத்துவப் பேராசிரியர் ஆக்குகிறேன் என்றார் மயோரெஸ்கு. பட்டம் வாங்காமலே கவிஞர் திரும்பிவிட்டார். மயோரெஸ்கு கோபித்துக்கொள்ளாமல், 1874-இல் அவருக்கு யாஷ் மத்திய நூலகத்தின் இயக்குநர் பதவியைக் கொடுத்தார். மறு ஆண்டு பள்ளி ஆய்வாளர். 1876-இல் பழமைவாதிகளின் ஆட்சி போனது, கவிஞரின் வேலையும் கூடவே போனது. சலுகையில் வந்தது சலுகை போனதும் போய்விடும். நிறுவனம் என்பதே வெறும் பலகையாக இருக்கிற நாட்டில் வேறெப்படி நடக்கும்?

1883-இல் எமினெஸ்குவின் மனம் கலங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் மயோரெஸ்குவே கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். கவிஞர் உயிரோடிருந்தபோது வந்த ஒரே தொகுப்பு அதுதான். நன்றியோடு மட்டும் இதை எல்லாரும் ஏற்கவில்லை. கவிஞரின் வரிகளில் கைவைத்தார்கள், அவர் பெயரில் ஆதாயம் தேடினார்கள் என்று நாடகாசிரியர் கரஜியாலே பின்னால் வெளிப்படையாகச் சாடினார். இத்தனைக்கும் கரஜியாலேயின் நாடகங்கள் ஒழுக்கக்கேடானவை என்று கூச்சல் எழுந்தபோது, 1885-இல் அவர் பக்கம் நின்று எழுதியவர் மயோரெஸ்கு. ஆனால் எமினெஸ்குவின் கையெழுத்துப் பிரதிகளை, சுமார் 14,000 பக்கங்களை, அவர் பத்திரமாக வைத்திருந்து 1902-இல் ருமேனிய அகாதமிக்குக் கொடுத்தார். அகாதமி என்ற பலகைக்குப் பின்னால் அப்போது ஒரு பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது.

ஆக, அவர் வழி புரிகிறதல்லவா? வடிவத்தை உடைக்கவில்லை, உள்ளே ஆட்களை வைத்து நிரப்பப் பார்த்தார். 1884 முதல் புக்கரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் தத்துவ வரலாறும் கற்பித்தார், 1892 முதல் 1897 வரை அங்கும் ரெக்டர். நெகுலெஸ்கு, ரதுலெஸ்கு-மோத்ரு, மெஹதின்ட்சி, பெத்ரோவிச் என்று ஒரு தலைமுறையே அவர் வகுப்பிலிருந்து வந்தது. நல்ல இலக்கியம் வளர வளர விமரிசகனின் வேலை குறைந்துவிடும் என்று 1886-இல் எழுதினார். தன் வேலையைத் தானே ஒழித்துக்கொள்ளும் திட்டம் வைத்திருந்த விமரிசகர் உலகத்தில் எத்தனை பேர் தேறுவார்கள்!

இதற்கு அவர் கொடுத்த விலை தத்துவம். இளமையில் ஐரோப்பிய அரங்கில் கால்வைத்தவர், பிறகு எழுதிய தத்துவ நூல் என்று பார்த்தால் 1876-இல் வந்த ஒரு தர்க்கப் பாடநூல்தான். மொழிபெயர்த்த ஷோபன்ஹாவரின் வாழ்வியல் சிந்தனைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 15 வயதில் வியன்னாவில் தொடங்கிய நாட்குறிப்பை மட்டும் 1917 வரை விடவில்லை.

இலக்கியத்திலும் கல்வியிலும் பலித்த வழி அரசியலில் பலித்ததா? அங்கே எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ருமேனியாவில் அப்போது தேர்தல் நடந்த விதத்தைக் கேளுங்கள். அரசர் முதலில் ஒருவரைப் பிரதமராக்குவார். அந்தப் பிரதமர் தேர்தல் நடத்துவார். அவரே ஜெயிப்பார். வாக்காளர்கள் சொத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான விவசாயிகளுக்கு நேரடி வாக்குகூட இல்லை, பிரதிநிதிகள் மூலம்தான். 1912-இல் மயோரெஸ்கு பிரதமரானார், அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் நடத்தினார், அவர் அரசே ஜெயித்தது. 44 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் அவருக்கே கிடைத்திருக்காது.

அந்தக் கட்டுரையிலேயே, நம் நாட்டில் உண்மையான வர்க்கம் என்றால் விவசாயி ஒருவன்தான், இந்த அலங்காரங்களுக்கெல்லாம் கூலி அவன் வியர்வையிலிருந்து போகிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். 1907-இல் அந்த விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நிலத்தைப் பகிரவும் வாக்குரிமையை விரிக்கவும் 1913-இல் திட்டம் அறிவித்தது அவருடைய எதிரிகளான தாராளவாதக் கட்சி. மயோரெஸ்குவின் கட்சியோ பெரும் நிலக்கிழார்களின் கட்சி. மெல்ல மெல்ல நிரப்புவோம் என்ற தத்துவம், நிலம் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு வசதியான தத்துவம் என்பதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

வெளியுலகில் அவர் பெயர் நிற்பது 1913 ஆகஸ்ட் 10-ஆல். இரண்டாம் பால்கன் போரை முடித்த உடன்படிக்கை புக்கரெஸ்டில் கையெழுத்தானது. மாநாட்டுத் தலைவர் அவர்தான். கிரேக்கத்தின் வெனிசெலோஸ், செர்பியாவின் பாஷிச் எல்லாரும் மேசையைச் சுற்றி. பெரிய சண்டையில்லாமலே ருமேனியாவுக்குத் தெற்கு தோப்ருஜா கிடைத்தது. சண்டையில் சாகாத வீரர்கள் பல்கேரியாவில் காலராவில் செத்தார்கள். கிடைத்த மண்ணிலோ ருமேனியர்கள் மிகச் சொற்பம். பல்கேரியர்களும் துருக்கியரும்தான் பெரும்பான்மை. 1940-இல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. திருப்பிக் கொடுத்த அந்த 1940 உடன்படிக்கை கையெழுத்தான ஊர் கிரயோவா, மயோரெஸ்கு பிறந்த ஊர்.

1914 ஜனவரியில் பதவி விலகினார். உலகப் போரில் அவர் மனம் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம். நாடோ 1916-இல் எதிர்ப்பக்கம் சேர்ந்தது, அந்த டிசம்பரில் ஜெர்மன் படை புக்கரெஸ்டைப் பிடித்தது. அரசும் அரசரும் யாஷுக்கு நகர்ந்தார்கள். கிழவர் தலைநகரிலேயே தங்கிவிட்டார். 1917 கோடையில் அங்கேயே இறந்தார். மறு ஆண்டு டிசம்பரில் அவருடைய அப்பாவின் மண்ணான டிரான்சில்வேனியா ருமேனியாவோடு சேர்ந்தது. அவர் வேண்டாம் என்று நினைத்த கூட்டணியின் வெற்றியால் கிடைத்தது அது.

மாணவர்கள் ஆசிரியர் போன பாதையிலேயே போனார்கள். மெஹதின்ட்சி 1918-இல் கல்வி அமைச்சர், நெகுலெஸ்கு 1920-இல். தத்துவப் பேராசிரியர் பெத்ரோவிச்சும் அதே கல்வி அமைச்சர் நாற்காலிக்கு 1941-இல் வந்தார், ஹிட்லரின் கூட்டாளியான அன்தொனெஸ்குவின் அரசில். கம்யூனிஸ்டுகள் வந்தபின் அவர் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்.