டிக்கிக்குள் ஒரு சப்வூஃபர்

காரின் கதவுகளில் பொருத்தப்படும் ஆறு அங்குல ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் ஒலிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவதால், அந்த அடிநாதத்தை மட்டும் ஏற்று ஒலிப்பதற்கென்று டிக்கியில் வைக்கப்படும் பெரிய ஒலிபெருக்கியே சப்வூஃபர். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். காரின் உள்நீளம் அதில் பாதிகூட இல்லாததால், உள்ளிருக்கும் காற்று மொத்தமாக அழுத்தப்பட்டு, வீட்டு அறையில் கேட்பதைவிட பேஸ் கனத்துக் கேட்கிறது.

சப்வூஃபரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்புறத்தில் எதிரான அலை எழுகிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால்தான் பெட்டி தேவைப்படுகிறது. முழுதும் மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று சுருள்வில்லைப்போல் கூம்பை இழுத்துப் பிடிப்பதால் ஒலி இறுக்கமாக வருகிறது. துளைக்குழாய் வைத்த பெட்டி கூடுதல் முழக்கம் தந்தாலும் இடத்தை அடைக்கும். பெட்டியின் கொள்ளளவைக் கண்ணளவில் தீர்மானிப்பது தவறு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்த அளவைகளைக் கொண்டே தயாரிப்பாளர்கள் அதைக் கணக்கிடுகிறார்கள்.

கோளாறுகளில் பெரும்பாலானவை சப்வூஃபரில் அல்ல, ஒயரிங்கில்தான் பிறக்கின்றன. சப்வூஃபருக்கு 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் 80 விழுக்காடு திறனுடன் இயங்கினாலும், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். எனவே பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸும் அவசியம். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, எங்காவது தகட்டில் உரசித் தீப்பற்றக்கூடிய ஒயரை. போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான பாடி எர்த்தையோ பலர் பொருட்படுத்துவதில்லை. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது; அதைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகே குட்டையான தடித்த ஒயரை போல்ட்டால் இறுக்க வேண்டும். பேஸ் முழங்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் இணைப்பு சந்தேகத்துக்குரியது.

அடுத்த தவறு, கெயின் திருகை ஒலியளவுத் திருகாகக் கருதுவது. ஸ்டீரியோவிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. 2 ஓம் சுமையில் 500 வாட் வேண்டுமெனில் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 31.6 வோல்ட் வரும்; சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவின் முக்கால் அளவில் ஓடவிட்டு, ஏசி வோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டர் அந்த எண்ணைக் காட்டும்வரை திருகினால் போதும். அதற்கு மேல் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, சப்வூஃபரின் கூம்பை அசைக்கும் காயில் சூடேறிக் கருகும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் கீச்சொலி ஆல்டர்னேட்டரின் இரைச்சல். எர்த் சரியாக இருந்தும் அது நீடித்தால், ஆடியோ கேபிளைப் பவர் ஒயரிலிருந்து பிரித்து மறுபக்கமாகக் கொண்டுபோக வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் பாதுகாப்பு விளக்கு எரிந்தால் சுமையைப் பார்ப்பது நல்லது: நான்கு ஓம் காயில்கள் இரண்டைப் பக்க இணைப்பில் தந்தால் 2 ஓம், தொடரிணைப்பில் 8 ஓம்.

எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் சோகையாகக் கேட்டால், ஒயர்கள் முனை மாறியிருக்கலாம். 1.5 வோல்ட் செல்லைச் சப்வூஃபரின் முனைகளில் நேர்முனைக்கு நேர்முனையாகக் கணநேரம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால், அந்தச் சப்வூஃபரின் முனைக்குறியே மாறியிருக்கிறது. அசையாவிட்டால் காயில் அறுந்திருக்கக்கூடும். முனைகளில் பிழையில்லையெனில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி, ஆம்ப்ளிஃபையரின் ஃபேஸ் ஸ்விட்சை வேறொருவரை விட்டு மாற்றச் சொல்லி, எந்த நிலையில் பேஸ் கூடுகிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.